கம்பனி கைமாறிய பின் ஆட்குறைப்பு: குறுகிய காலம் வேலை செய்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

பிரித்தானியாவில் ஒரு கடையோ, பராமரிப்பு இல்லமோ, கிடங்கோ, துப்புரவு ஒப்பந்தமோ கைமாறும் ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள் திரும்ப வருகின்றன. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு இரண்டு வருடம் ஆகவில்லை, அதனால் ஒன்றும் கிடையாதாம்” என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்த வாக்கியத்தின் முதற்பாதி பல வேளைகளில் பிழை. இரண்டாம் பாதி அநேகமாக எப்போதும் பிழை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். இவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகியவற்றுக்குப் பொருந்தும். வட அயர்லாந்தின் சட்டம் தனியானது.

1. எங்கள் கம்பனியை வேறொருவர் வாங்கிவிட்டார். என் வேலை தானாகவே முடிந்துவிடுமா?

முடிந்துவிடாது. விற்பனை நடந்தது என்ற ஒரே காரணத்தால் எவருடைய வேலை ஒப்பந்தமும் இல்லாமற் போவதில்லை. 2006 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள, ‘டியூப்பி’ என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் தொழில் கைமாற்ற விதிகளின்படி, கைமாறும் தொழிலில் வேலை செய்தவர்கள் தங்கள் சம்பளம், வேலை நேரம், விடுமுறை, சேர்ந்த திகதி ஆகிய எல்லாவற்றோடும் புதிய முதலாளியிடம் போய்ச் சேர்கிறார்கள். இதற்கு இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. போன வாரம் சேர்ந்தவருக்கும் இது பொருந்தும்.

வாங்கிய பிறகு, ‘இத்தனை பேர் தேவையில்லை’ என்று புதிய முதலாளி முடிவெடுக்கலாம். அதுதான் ஆட்குறைப்பு, நாம் பேச்சில் ‘ரிடண்டன்சி’ என்பது. கைமாற்றமும் ஆட்குறைப்பும் வெவ்வேறு நிகழ்வுகள். இரண்டையும் ஒரே கடிதத்தில் சேர்த்து எழுதிவிடுவதால்தான் பாதிக் குழப்பம் உண்டாகிறது.

2. பங்குகளை வாங்கினார்களா, தொழிலை வாங்கினார்களா என்று கேள் என்கிறார்கள். எனக்கு அது எப்படித் தெரியும்?

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கம்பனியின் பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால் உங்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பனி அதேதான். சீட்டில் உள்ள பெயர் மாறாது, மேலே உள்ள உரிமையாளர்தான் மாறியிருப்பார். அங்கே டியூப்பி விதிகள் தேவைப்படுவதே இல்லை, ஏனென்றால் உங்கள் ஒப்பந்தம் எங்கும் நகரவில்லை. கம்பனிகளைப் பதிவுசெய்யும் அரச அலுவலகமான ‘கம்பனீஸ் ஹவுஸ்’ பதிவேட்டில் பெயரைத் தட்டினால் இயக்குநர்கள் எப்போது மாறினார்கள் என்பதை இலவசமாகவே பார்க்கலாம்.

சீட்டில் வேறொரு கம்பனியின் பெயர் வந்திருந்தால், தொழிலோ அதன் ஒரு பகுதியோ விற்கப்பட்டிருக்கிறது, டியூப்பி பொருந்தும். துப்புரவு, காவல், உணவு வழங்கல் போன்ற ஒப்பந்தங்கள் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் பெரும்பாலும் இதே விதிகள்தாம், ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த ஒப்பந்தத்துக்கென்று ஒதுக்கப்பட்ட குழுவில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். இன்று ஒரு கட்டடம், நாளை வேறொன்று என்று பல இடங்களில் காவல் நிற்பவர், கைமாறும் கட்டடத்தோடு சேர்ந்து போவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

3. புது முதலாளிக்கு நான் புதிய ஆள்தானே? என் சேவைக்காலம் பூச்சியத்திலிருந்துதானே தொடங்கும்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி, தொழில் கைமாறினாலும் உங்கள் சேவை தொடர்சேவையாகவே எண்ணப்படும். பழைய முதலாளியிடம் 20 மாதம், புதியவரிடம் 5 மாதம் என்றால் சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு 25 மாதம். உங்களுக்கு முன்பே அந்த இடம் இரண்டு மூன்று முறை கைமாறியிருந்தாலும், நீங்கள் முதன்முதலில் சேர்ந்த நாள்தான் கணக்கு.

ஒரு பெற்றோல் நிலையக் காசாளர் என்னிடம் காட்டிய கடிதத்தில், ‘வேலை தொடங்கிய திகதி’ என்ற வரியில் நிலையம் கைமாறிய நாள் அச்சிடப்பட்டிருந்தது. அவர் அங்கே இரண்டே முக்கால் வருடமாக நிற்கிறார். புதிய கம்பனியின் கணினியில் எல்லோருக்கும் ஒரே திகதியைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அவரும் அதை நம்பித் தனக்கு ஏழு மாதச் சேவைதான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய சம்பளச் சீட்டுகளின் முதல் மாதத்தையும் வங்கிக் கணக்கில் முதற்சம்பளம் விழுந்த வரியையும் எடுத்து அனுப்பியதும் திகதி திருத்தப்பட்டது.

4. உண்மையிலேயே இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் ரிடண்டன்சிப் பணம் ஒரு சதமும் இல்லையா?

சட்டம் கட்டாயப்படுத்தும் ஆட்குறைப்புக் கொடுப்பனவு இரண்டு வருடத் தொடர்சேவை உள்ளவர்களுக்கு மட்டும்தான். கணக்கு வயதைப் பொறுத்தது. 22 வயதுக்குக் கீழ் வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரைவாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41 வயதிலிருந்து ஒன்றரை வாரம். வாரச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025 ஏப்ரல் 6 முதல் ஒரு வருடத்துக்கு அது 719 பவுணாக இருந்தது, ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். ஆகவே வாரம் 500 பவுண் சம்பளத்தில் சரியாக இரண்டு வருடம் முடித்த 30 வயதுக்காரருக்கு 1,000 பவுண், 45 வயதுக்காரருக்கு 1,500 பவுண்.

இதற்கு மேலாக உங்கள் ஒப்பந்தமோ ஊழியர் கையேடோ தாராளமான திட்டம் ஒன்றைத் தந்திருக்கலாம். சில திட்டங்களில் இரண்டு வருட நிபந்தனை இருப்பதில்லை. பழைய கம்பனியின் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் அந்த உரிமையும் உங்களோடு சேர்ந்து கைமாறும். ‘அது எங்கள் திட்டம் அல்ல’ என்று புதியவர் தட்டிக்கழிக்க முடியாது. பழைய கையேட்டின் பிரதி ஒன்றை, உள்ளகத் தளம் மூடப்படுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

5. அப்படியானால் எனக்கு என்னதான் கிடைக்கும்?

முன்னறிவிப்புச் சம்பளம் கிடைக்கும். ஒரு மாதம் வேலை செய்தாலே குறைந்தது ஒரு வார நோட்டீஸ் உண்டு. இரண்டு வருடம் முடிந்தால் இரண்டு வாரம், அதன்பின் வருடத்துக்கு ஒரு வாரம் என்று 12 வாரம் வரை கூடும். ஒப்பந்தத்தில் ‘ஒரு மாத நோட்டீஸ்’ என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும். நான் பார்த்தவர்களில் பலருக்கு இந்த வரி இருப்பதே தெரியவில்லை. சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட தாளை அதன்பிறகு திறந்து பார்த்ததே இல்லை.

எடுக்காத விடுமுறைக்கான பணமும் உண்டு. வருடத்துக்கு 5.6 வாரம் என்பது சட்டம் தரும் அளவு. விடுமுறை வருடத்தில் எவ்வளவு காலம் வேலை செய்தீர்களோ அந்த விகிதத்தில் சேர்ந்த விடுமுறை நாட்களிலிருந்து எடுத்ததைக் கழித்து மீதியைத் தர வேண்டும். பழைய முதலாளியிடம் இருந்த காலத்தின் மீதி நாட்களும் புதியவரின் பொறுப்பே. நிலுவைச் சம்பளமும் மேலதிக நேரச் சம்பளமும் அப்படித்தான்.

இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேறு வேலை தேடச் சம்பளத்தோடு நேரம் கேட்கும் உரிமையும், நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமையும் சட்டப்படி இல்லை. கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் தருவார்கள்.

6. நடுவில் ஆறு வாரம் ஊருக்குப் போய் வந்தேன். சேவை அறுந்துவிட்டதா? வாரம் 12 மணி நேரம்தான் வேலை, அதுவும் கணக்கில் வருமா?

அனுமதி பெற்ற விடுமுறையில் போயிருந்தால் ஒப்பந்தம் தொடர்ந்தே இருந்தது, சேவை அறாது. நோய் விடுப்பும் மகப்பேற்று விடுப்பும் அப்படியே. ஆனால் வேலையை விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து மீண்டும் சேர்ந்திருந்தால் கதை வேறு. ஞாயிறு முதல் சனி வரை முழுதாக ஒரு வாரம் ஒப்பந்தமே இல்லாமல் கழிந்தால் பொதுவாகச் சேவை அறுந்துவிடும், சில விதிவிலக்குகள் தவிர.

மணி நேரத்துக்கு எல்லை இல்லை. வாரம் 12 மணியும் சேவைதான், 4 மணியும் சேவைதான். வாரம் 16 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 1995இலேயே போய்விட்டது. அது இன்னமும் வாய்வழியாக உயிரோடு இருப்பதுதான் ஆச்சரியம்.

7. புதிய கம்பனி எனக்கு ஆறு மாத ‘புரோபேஷன்’ (தகுதிகாண் காலம்) என்று எழுதியிருக்கிறதே?

எழுதலாம். அந்தச் சொல்லால் உங்கள் சேவைக்காலம் அழியாது (கேள்வி 3). கைமாற்றத்தையே காரணமாக வைத்து ஒப்பந்த நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் பொதுவாகச் செல்லுபடியாகாது. ‘என் தொடர்சேவைத் திகதி இன்னது, இந்தப் பிரிவுக்கு நான் உடன்படவில்லை’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். சண்டை போடத் தேவையில்லை, பதிவு இருந்தால் போதும்.

8. புதிதாய் வந்தவர்களைத்தான் முதலில் நிறுத்துவோம் என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

இதில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் இருக்கிறது. நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட இப்போதைய விதிப்படி இரண்டு வருடச் சேவை தேவை. அந்த உரிமை இல்லாதவரை நிறுத்துவதில் ஆபத்து குறைவு என்பது எல்லா முதலாளிகளுக்கும் தெரியும். அதனால் பட்டியலில் உங்கள் பெயர் மேலே வருகிறது. தேர்வு முறை நேர்மையாக இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது.

ஆனால் பாகுபாடு வேறு விஷயம். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்குச் சேவைக்கால எல்லையே கிடையாது. ‘கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும்’ என்ற விதி இளையவர்களையே கூடுதலாக வெட்டும் என்பதால், அதை மட்டும் அளவுகோலாக வைப்பது வயதுப் பாகுபாடு என்ற வாதத்துக்கு இடம் தரும்; பல அளவுகோல்களுள் ஒன்றாக வைப்பதை நியாயப்படுத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் ரோல்ஸ்-ரோய்ஸ் வழக்கில் ஏற்றது. இனம், மதம், பால், உடற்குறைபாடு ஆகியவை தேர்வில் புகுந்திருந்தால் முதல் நாளிலிருந்தே முறையிடலாம். நிறுத்தப்பட்டவர்களையும் தப்பியவர்களையும் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். சில நேரம் அந்தத் தாள் தானே பேசும்.

9. கைமாற்றத்துக்காகவே ஒருவரை நிறுத்தினால் அது ‘தானாகவே நியாயமற்றது’ என்று வாசித்தேன். அப்படியானால் எனக்கும் பொருந்துமே?

வாசித்தது சரி, ஆனால் பாதிதான். டியூப்பியின் 7ஆம் விதி, கைமாற்றமே முக்கிய காரணமாக இருக்கும் பணிநீக்கத்தைத் தானாகவே நியாயமற்றது என்கிறது. அதே விதியின் கடைசியில், நியாயமற்ற பணிநீக்கத்துக்கு முறையிடும் பொதுத்தகுதி இல்லாதவருக்கு இது பயன்படாது என்ற வரியும் இருக்கிறது. ‘தானாகவே’ என்ற சொல் மனிதரை ஏமாற்றிவிடுகிறது. தகுதி இருப்பவர்களுக்குக்கூட, ஆட்களின் எண்ணிக்கையிலோ பணிகளிலோ மாற்றம் தேவைப்படும் பொருளாதார, தொழில்நுட்ப அல்லது நிர்வாகக் காரணம் உண்டு என்று முதலாளி காட்டினால் இந்தப் பாதுகாப்பு விலகும். 2014 ஜனவரி 31க்குப் பிறகு, வேலையிடத்தை வேறு ஊருக்கு மாற்றுவதும் அந்தக் காரணத்துக்குள் அடங்குகிறது.

சேவைக்காலமே கேட்காத காரணங்கள் வேறு இருக்கின்றன. கர்ப்பம், தொழிற்சங்க உறுப்புரிமை, பாதுகாப்புக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டியது, முறைகேட்டை வெளிப்படுத்தியது, சட்டம் தந்த உரிமை ஒன்றைக் கேட்டது ஆகியவற்றுக்காக நிறுத்தியிருந்தால் முதல் நாள் ஊழியரும் முறையிடலாம். ஊழியர் பிரதிநிதியாகத் தேர்தலில் நின்றதற்காக நிறுத்துவதும் இதில் அடங்கும். ‘திகதியைத் திருத்துங்கள்’ என்று எழுதிய மறுவாரம் ஒருவர் பட்டியலில் ஏறினால், அந்த மின்னஞ்சலின் திகதி மிகவும் பெறுமதியானது.

10. சட்டம் மாறிவிட்டது, இனி ஆறு மாதம் போதும் என்கிறார்களே?

2025ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் 2025 டிசம்பர் 18 அன்று அரச ஒப்புதல் பெற்றது. அதன்படி, நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு 2027 ஜனவரி 1 முதல் ஆறு மாதச் சேவை உள்ளவர்களுக்கு வருகிறது. அதற்கு முன் நிறுத்தப்பட்டவருக்கு இரண்டு வருட விதிதான். ஆட்குறைப்புக் கொடுப்பனவுக்கான இரண்டு வருடம் குறைக்கப்படவில்லை. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் வீண் நம்பிக்கை உண்டாகிறது: 2027இல் ஏழு மாதச் சேவையோடு நிறுத்தப்படுபவர் ‘என்னைத் தேர்ந்தெடுத்த முறை நியாயமில்லை’ என்று முறையிடலாம், கேள்வி 4இல் சொன்ன கொடுப்பனவைக் கேட்க முடியாது.

11. எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் முப்பது பேரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடம் ஆகாத நானும் ஏதாவது கேட்கலாமா?

கேட்கலாம், இது முக்கியமான உரிமை. ஒரே இடத்தில் 90 நாளுக்குள் 20 பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ நிறுத்தத் திட்டமிட்டால், முதற்பணிநீக்கம் நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் தொழிற்சங்கத்தோடோ தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளோடோ கலந்தாலோசனை தொடங்க வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாள். இருபது பேரை எண்ணும்போது இரண்டு வருடம் ஆகாதவர்களும் சேர்த்தி. தவணை முடிந்து இயல்பாகவே முடியும் ஒப்பந்தங்கள் சேராது.

இதைச் செய்யாத முதலாளிக்குத் தண்டனையாகத் தீர்ப்பாயம் ஓர் ஊழியருக்கு 90 நாள் சம்பளம் வரை கொடுக்கச் சொல்லலாம். 2025ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உச்சத்தை 2026 ஏப்ரல் முதல் 180 நாளாக இரட்டிப்பாக்குகிறது. இதற்குச் சேவைக்கால நிபந்தனை இல்லை, மேலே சொன்ன வார உச்சவரம்பும் இல்லை. கொடுப்பனவுக்குத் தகுதியில்லாத பதினான்கு மாத ஊழியருக்கு, மூன்று வருட ஊழியரின் சட்டக் கொடுப்பனவைவிட இதில் அதிகம் கிடைக்கலாம்.

‘ஒரே இடம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வூல்வொர்த்ஸ் கடைகள் மூடப்பட்டபோது, 20 பேருக்குக் குறைவாக இருந்த கிளைகளின் ஊழியர்கள் இந்தப் பணத்தைப் பெறவில்லை. ஒவ்வொரு கிளையும் தனியிடமாக எண்ணப்படலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் சொன்னது. பக்கத்துத் தெருக் கிளையில் வேலை செய்த அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்குக் கிடைக்கவில்லை என்பது இப்படித்தான் நேர்கிறது.

12. ஆட்குறைப்பு இல்லை, கைமாற்றத்தைப் பற்றியே எங்களுக்குச் சொல்லவில்லை. அதற்கு ஏதும் உண்டா?

உண்டு. கைமாற்றம் எப்போது, ஏன், ஊழியர்களுக்கு என்ன விளைவு, புதிய முதலாளி என்ன மாற்றம் செய்ய நினைக்கிறார் என்பதையெல்லாம் போதிய காலத்துக்கு முன்பே பிரதிநிதிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓர் ஊழியருக்கு 13 வாரச் சம்பளம் வரை, இதற்கும் சேவைக்காலம் தேவையில்லை. தகவல் தராத குற்றத்துக்குப் பழையவரும் புதியவரும் கூட்டாகப் பொறுப்பாளிகள் என்பதால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது.

2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த கைமாற்றங்களில், 50 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனமும், 10 பேருக்குக் குறைவானவர்களை மாற்றும் எந்த நிறுவனமும், ஏற்கெனவே பிரதிநிதிகள் இல்லாவிட்டால் ஊழியர்களோடு நேரடியாகவே பேசலாம். தேர்தல் நடத்தவில்லை என்பது இவர்கள் விஷயத்தில் குற்றமாகாது. ஒன்றுமே பேசாதது குற்றம்.

13. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. சேர்ந்து 11 மாதம். என்னையும் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

உண்மையான ஆட்குறைப்பு என்றால் கர்ப்பிணியையும் நிறுத்தலாம். கர்ப்பத்தைக் காரணமாக்க முடியாது. அதைவிட உங்களுக்கு உடனடியாகப் பயன்படுவது வேறொன்று. 2024 ஏப்ரல் 6 முதல், கர்ப்பத்தை முதலாளிக்குத் தெரிவித்த நாளிலிருந்தே, பொருத்தமான வெற்றிடம் எதுவும் இருந்தால் அதை மற்றவர்களுக்கு முன் உங்களுக்குத் தர வேண்டும். நேர்முகத்தில் போட்டியிடச் சொல்லக்கூடாது. மகப்பேற்று விடுப்பு எடுத்தவருக்கு இந்த முன்னுரிமை பிள்ளை பிறந்து 18 மாதம் வரை பொதுவாக நீளும். 11 மாதச் சேவை இதற்குத் தடையில்லை. தெரிவித்தது வாய்மொழியாக என்றால் இன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

14. நான் ‘ஸ்கில்ட் வேர்க்கர்’ விசாவில் இருக்கிறேன். கைமாறியதும் விசா போய்விடுமா? ரிடண்டன்சிப் பணம் வாங்கினால் அரச உதவி பெற்றதாகிவிடுமா?

டியூப்பியின்கீழ் நீங்கள் மாற்றப்பட்டால், வேலையும் அதேதான் என்றால், புதிய விசாவுக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. புதிய முதலாளியிடம் விசா ஆதரவு உரிமம் இருக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘உரிமம் இருக்கிறதா, மாற்றத்தை அறிவித்தீர்களா’ என்று எழுத்தில் கேட்டு வையுங்கள், ஏனென்றால் அவர்களின் மறதிக்கு விலை கொடுப்பவர் நீங்கள்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் முதலாளி அதை உள்துறை அமைச்சுக்கு அறிவிப்பார். அமைச்சு விசாக்காலத்தை வழக்கமாக 60 நாளாகச் சுருக்கிக் கடிதம் அனுப்பும். அதற்குள் வேறு ஆதரவாளரோடு புதிய விண்ணப்பம் போட வேண்டும். நோட்டீஸ் காலம் முழுவதும் நீங்கள் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவீர்கள் என்பதால், ‘நோட்டீஸுக்குப் பதில் பணம்’ என்று உடனே அனுப்பிவிடுவதைவிட நோட்டீஸில் வைத்திருப்பது விசாக்காரர்களுக்குப் பெரும்பாலும் நல்லது. ஆட்குறைப்புப் பணமும் நோட்டீஸ் பணமும் தீர்ப்பாயம் தரும் பணமும் முதலாளி தருவன. அவை அரச உதவி அல்ல.

15. புதிய முதலாளியைப் பற்றி நல்லது கேள்விப்படவில்லை. போக மாட்டேன் என்றால் ரிடண்டன்சி தருவார்களா?

தரமாட்டார்கள். மறுக்கும் உரிமை உண்டு, யாரையும் கட்டாயப்படுத்தி மாற்ற முடியாது. ஆனால் மறுத்தால் கைமாறும் நாளில் உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிடும், அது பணிநீக்கமாகவும் எண்ணப்படாது. நோட்டீஸ் பணமும் இல்லை, கொடுப்பனவும் இல்லை, முறையீடும் இல்லை. ஆத்திரத்தில் ‘நான் போக மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பப் பெறுவது கடினம்.

கைமாற்றத்தால் வேலை நிலைமை உங்களுக்குக் கணிசமாகப் பாதகமாகிறது என்றால், உதாரணமாக நடந்து போகும் தூரத்திலிருந்த வேலை இரண்டு மணிப் பயணமாகிறது என்றால், உங்களைப் பணிநீக்கம் செய்ததாகவே கொள்ளும் வழி தனியாக உண்டு. இரண்டு வருடம் ஆகாதவருக்கு அதனால் கையில் வருவது மிகக் குறைவு. ஆலோசனை கேட்காமல் அந்தப் பாதையில் இறங்க வேண்டாம்.

16. ‘இங்கே ராஜினாமா செய், அங்கே புது ஒப்பந்தத்தில் சேர்’ என்கிறார் மேலாளர். கையெழுத்துப் போடலாமா?

போட வேண்டாம். டியூப்பியின் பாதுகாப்பை எந்த ஒப்பந்தத்தாலும் கைவிடச் செய்ய முடியாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. ஆனால் நீங்களாகவே உண்மையில் வேலையை விட்டுவிட்டால் கைமாறும் நேரத்தில் அங்கே நீங்கள் ஊழியர் அல்ல என்ற வாதம் எழும். நடுவில் ஒரு வாரம் ‘வீட்டில் இரு’ என்று வேறு சொன்னால், கேள்வி 6இல் சொன்ன ஞாயிறு முதல் சனி வரையான வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமாக் கடிதத்தைக் கேட்டவரிடம், ‘டியூப்பியில் இது ஏன் தேவை?’ என்று எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

17. விற்பனைக்கு முந்தின நாள் பழைய முதலாளி எங்களை நிறுத்திவிட்டார். இப்போது இருவரும் தங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.

இது புதிய தந்திரம் அல்ல. 1984 பெப்ரவரி 6 அன்று ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் ட்ரை டொக் என்ற கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம், பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொழிலாளர்களை நிறுத்தியது. நான்கரை மணிக்குத் தொழில் கைமாறியது. கைமாறிய கணத்தில் அவர்கள் ஊழியர்கள் அல்ல என்பது வாதம். கைமாற்றத்துக்காகவே நிறுத்தப்பட்டவர்களை அந்தக் கணத்தில் வேலையில் இருந்தவர்களாகவே கொள்ள வேண்டும், பொறுப்பு புதியவருக்கே என்று, அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1989இல் லிட்ஸ்டர் வழக்கில் தீர்த்தது. 2006 விதிகளில் அது எழுத்திலேயே வந்துவிட்டது.

இரண்டு வருடம் முடித்தவர்களுக்கு இது பெரும்பலம். முடிக்காதவர்களுக்கு கேள்வி 9இல் சொன்ன தடை இருக்கிறது. நோட்டீஸ், விடுமுறை, கலந்தாலோசிக்காததற்கான பணம் ஆகியவையே மிஞ்சும். யார் தர வேண்டும் என்பதை நீங்கள் முடிவுசெய்ய முயலாதீர்கள். இரண்டு கம்பனிகளின் பெயரையும் போட்டு முறையிடுங்கள்.

18. இரண்டு வருடத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸும் இல்லை, பணம் மட்டும் தந்தார்கள். நான் தோற்றுவிட்டேனா?

அநேகமாக வென்றுவிட்டீர்கள். சட்டப்படி தர வேண்டிய ஒரு வார நோட்டீஸைத் தராமல் உடனே நிறுத்தினால், அந்த ஒரு வாரத்தைச் சேவையோடு கூட்டித்தான் இரண்டு வருடத்தை எண்ண வேண்டும். 2023 செப்டெம்பர் 4 திங்கட்கிழமை சேர்ந்தவரை 2025 ஓகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை உடனடியாக நிறுத்தினார்கள் என்று கொள்வோம். அவருடைய இரண்டு வருடம் செப்டெம்பர் 3இல் நிறைகிறது. ஓகஸ்ட் 29உடன் ஒரு வாரத்தைக் கூட்டினால் அந்த நாளைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஆட்குறைப்புக் கொடுப்பனவும் உண்டு, நியாயமற்ற பணிநீக்க முறையீடும் உண்டு.

கூட்டப்படுவது சட்டம் தரும் ஒரு வாரம் மட்டுமே. ஒப்பந்தத்தில் மூன்று மாத நோட்டீஸ் இருந்தாலும், அதற்குப் பதில் பணம் தந்துவிட்டால் மூன்று மாதம் கூடாது. அந்த நோட்டீஸில் உண்மையாகவே வேலையில் வைத்திருந்தால் அது முடியும் நாள்தான் கணக்கு.

19. பழைய கம்பனி திவாலாகித்தான் விற்கப்பட்டது. யாரிடம் கேட்பது?

திவால் நிர்வாகியின் கீழ் தொழில் நடந்துகொண்டிருக்கும்போது விற்கப்பட்டால் வேலையும் பொதுவாகக் கைமாறும். கம்பனியைக் கலைத்துச் சொத்துகளை விற்கும் நடைமுறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போது அரசின் ஆட்குறைப்புக் கொடுப்பனவுச் சேவையிடம் விண்ணப்பித்து, எட்டு வாரம் வரையான நிலுவைச் சம்பளம், ஆறு வாரம் வரையான விடுமுறைப் பணம், நோட்டீஸ் பணம் ஆகியவற்றை வாரச் சம்பள உச்சவரம்புக்குட்பட்டு பெறலாம். இவற்றுக்கு இரண்டு வருடம் தேவையில்லை. திவால் நிர்வாகி தரும் வழக்கு எண் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

20. 2,500 பவுண் தருகிறோம், இந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். எனக்குத்தான் உரிமையே இல்லையே, வாங்கிக்கொள்ளலாமா?

உரிமையே இல்லாதவருக்கு யாரும் 2,500 பவுண் தருவதில்லை என்று முதலில் யோசியுங்கள். அந்தத் தொகைக்குள் எது அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். நோட்டீஸும் விடுமுறையும் எப்படியும் உங்களுக்கு வர வேண்டியவை. அவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அவர்கள் உண்மையில் தருவது. வாரம் 500 பவுண் வாங்குபவருக்கு ஒரு மாத நோட்டீஸும் எட்டு நாள் விடுமுறையும் பாக்கி என்றால் அங்கேயே 2,500 பவுணைத் தாண்டிவிடும். வேலையிழப்புக்காகத் தரும் பணத்தில் 30,000 பவுண் வரை வரியில்லை, நோட்டீஸ் பணத்துக்கு வரி உண்டு.

சுயாதீனமான சட்ட ஆலோசகர் ஒருவர் உங்களுக்கு விளக்காத உடன்படிக்கை செல்லாது. அவருடைய கட்டணத்தில் ஒரு பகுதியையாவது முதலாளியே தருவது வழக்கம். யோசிக்கக் குறைந்தது 10 நாள் தர வேண்டும் என்று, முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே சமரசம் செய்யும் ஏகாஸ் அமைப்பின் நெறிமுறை சொல்கிறது.

யோசிக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கள். பெரும்பாலான முறையீடுகளுக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக என்பதுதான் பழகிய எல்லை. ஆட்குறைப்புக் கொடுப்பனவுக்கு மட்டும் ஆறு மாதம். 2025ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதத்தை ஆறாக நீட்ட வழி செய்திருக்கிறது என்றாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதலில் ஏகாஸிடம் சமரச முயற்சிக்கு அறிவிக்க வேண்டும், அந்தக் காலத்தில் கடிகாரம் நிற்கும். இரண்டு கம்பனிகள் என்றால் இரண்டுக்கும் ஏகாஸின் சான்றிதழ் தனித்தனியாக வேண்டும். உள்ளக மேன்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது. தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் 2017 ஜூலையிலிருந்து இல்லை.